ஒன்றரை அடி தூரம்

ஜனவரி 9

அண்ணா,

நலம் விசாரித்து ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுவிட்டுப் போன அந்த டப்பா லென்ஸ், கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்க மாட்டேன் என்கிறது. கர்கர் என்று முன்னும் பின்னும் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. கெட்டுவிட்டதா, இல்லை அதன் பிறவிக் குணமே அதுதானா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் கத்துவோம், நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

எனக்கு எதற்குத் திடீரென்று லென்ஸ் என்று உனக்குத் தோன்றும். கையில் பதினோரு கல்யாண ஆர்டர் இருக்கும்போது நீ பெரிய ஊர்க் கம்பெனிக்குப் போனாய். புதுக் கேமராவும் இரண்டு ஜூம் லென்ஸும் உன்னோடு போயின. எனக்கு மிஞ்சியது பழைய கேமராவும், கேமரா வாங்கினால் கொசுறு மாதிரி சேர்த்துக் கொடுக்கிற இந்த ஐம்பது எம்.எம். லென்ஸும்தான். நானோ நம் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு எடுத்தவள், கன்னத்தை வெளுத்தவள். கேமராவைத் தூக்கியதே இல்லை. ஒரு மாதத்தில் ஸ்டுடியோவை மூடினேன். நான்கு வருடம் கடை கடையாக வேலை பார்த்தேன்.

போன மாதம், கால் புண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஒரு மருத்துவமனையில் படம் எடுக்கிற வேலை கிடைத்தது. எல்லாரும் சர்க்கரை வியாதிக்காரர்கள். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு புண்ணையும் படம் எடுத்து, போன வாரப் படத்தின் பக்கத்தில் வைத்து, ஆறுகிறதா பரவுகிறதா என்று டாக்டரம்மா பார்ப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார். “டச்சப் கிச்சப் எல்லாம் இங்க கூடாதும்மா. இருக்கிறது இருக்கிற மாதிரி வேணும்.” அதற்காகத்தான் இந்தத் தொல்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். உன்னை விசாரிக்கவில்லை.

தங்கை

•

ஜனவரி 17

வாலுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி வாசலிலேயே நின்று படித்தேன். காவலாளி என்னைப் பார்த்துவிட்டு யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

லென்ஸ் கெடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒன்றரை அடிக்குள் எதை வைத்தாலும் அதற்குக் கண் தெரியாது. அந்த ஒன்றரை அடியை லென்ஸின் முன் கண்ணாடியிலிருந்து அளக்காதே. கேமராவின் தலையில் ஒரு சின்ன வட்டமும் அதன் குறுக்கே கோடும் போட்டிருக்கும். அங்கிருந்து அளக்க வேண்டும். துளையை ஒன்று புள்ளி எட்டில் திறந்து வைக்காதே. விரல் தெளிவாக இருந்தால் குதிகால் மங்கிவிடும். எட்டில் வை.

ஜூம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளாதே. பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நீ முன்னால் போக வேண்டும், சின்னதாக வேண்டுமானால் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். உன் வேலைக்கு அதுதான் நல்லது. ஜூம் லென்ஸாக இருந்தால் வாரா வாரம் வளையம் ஒரு நூல் நகர்ந்து, ஆறாத புண்ணை ஆறியது என்று காட்டிவிடும். இதில் தூரம் ஒன்றைக் காப்பாற்றினால் போதும். கேமரா வார் மாட்டுகிற வளையத்தில் ஒரு நூல் கட்டு. ஒன்றரை அடிக்கு ஒரு விரல் கூட வைத்து முடிச்சுப் போடு. முடிச்சை நர்ஸ் கணுக்காலில் பிடித்துக்கொள்ளட்டும். நூல் விறைப்பாக நிற்கும்போது அழுத்து.

கொசுறு என்று எழுதியிருக்கிறாய். மூன்று லென்ஸில் இருப்பதை இருப்பது போலக் காட்டுவது அது ஒன்றுதான். நான் இப்போது நாள் முழுக்க சோபா எடுக்கிறேன். அகல லென்ஸைப் போட்டு இரண்டு பேர் சோபாவை நான்கு பேர் சோபாவாகக் காட்டுவதுதான் என் உத்தியோகம். அந்தக் கண்ணாடியோடு உன் மருத்துவமனைக்குப் போனால் ஒவ்வொரு விரலும் ஆனைவிரலாக இருக்கும்.

ஆர்டர் பதினொன்று இல்லை, ஒன்பது.

அப்பா விசாரிக்கவில்லை என்பதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

அண்ணன்

•

ஜனவரி 27

அண்ணா,

நூல் வேலை செய்கிறது. நர்சுகள் என்னைப் ‘பட்டம் விடுகிற அக்கா’ என்கிறார்கள். டாக்டரம்மா நூல் பிடித்து எடுத்த படங்களைப் பழைய படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இங்கே எடுத்ததெல்லாம் படமே இல்லை என்றார். உன் பேரைச் சொல்லவில்லை. பெருமையை நானே எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றுதான். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டவள் நான். எனக்குத் தெரியாதா எண்ணிக்கை? ஒரு மணப்பெண்ணின் அம்மா கதவைத் திறக்காமலே பேசினார்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவுக்கும் காலில் புண். புது ஷூ கடித்திருக்கிறது. இடது கால், பெருவிரலின் அடிமூட்டுக்கு மேலே. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியே இல்லை, அவருக்குக் கடித்ததே தெரியவில்லை. சாக்ஸில் ஈரத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் படி ஏறி இறங்கிக் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்த கால், ஒரு ஷூவுக்குத் தாங்கவில்லை.

மருத்துவமனைக்கு ஒரு தடவைதான் வந்தார். வராந்தாவில் அவர் வயதுக்காரர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் சக்கர நாற்காலியில் இருந்தார். அதைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டார். “அங்க படுத்தா முழுசா எழுந்து வர முடியாது. என்னைக் கொன்னாலும் வரமாட்டேன்.” டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். நான் வீட்டிலேயே கட்டுக் கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துத் திங்கள்கிழமை அவர் மேஜையில் வைக்க வேண்டும். புண் சின்னதாகிக்கொண்டே வந்தால் சரி. ஒரு வாரம் நின்றாலும் அட்மிட். அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

தங்கை

•

பிப்ரவரி 5

வாலுக்கு,

படித்தேன்.  எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டில் நூலை யார் பிடிக்கிறார்கள்? ஆள் இல்லையென்றால் நீ நிற்கிற இடத்தைத் தரையில் குறித்துக்கொள். வாரா வாரம் அதே இடம், அதே உயரம். புண்ணுக்குப் பக்கத்தில் சென்டிமீட்டர் போட்ட காகிதப் பட்டை ஒட்டுவார்களே, அதையும் ஒட்டு. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும், ஃப்ளாஷ் போடாதே, ஈரத்தில் பளிச்சிட்டு ஓரம் தெரியாமல் போகும். ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி எனக்கும் போடு.

நான் பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லாதே. சொன்னால் காலைக் காட்டமாட்டார். நான் கிளம்பிய அன்று, “போறவன் இங்க ஆள் இருக்குன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதே” என்றார். உனக்காகச் சொன்னார், தெரியும். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

எப்படி நடக்கிறார்? வலி இல்லாததால் நடப்பார். நடக்கவிடாதே.

அண்ணன்

•

மார்ச் 9

அண்ணா,

ஆறு வாரப் படங்களையும் இதோடு வைத்திருக்கிறேன், பின்பக்கம் தேதி இருக்கிறது. வரிசையாக அடுக்கிவிட்டு உட்கார்ந்து பார். நின்றுகொண்டு பார்த்தால் குதிப்பாய்.

சின்னதாகிக்கொண்டே வருகிறது! டாக்டரம்மாவே, “நீ நல்லா கட்டுக் கட்டுறே, இங்க வர்ற நர்சுங்களுக்குச் சொல்லிக்குடு” என்றார். இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றின கட்டை இப்போது வாரம் இரண்டு தடவை மாற்றினால் போதும். வீட்டுக்குள் நடக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அப்பா தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, வீட்டுக்குள்தான் நடந்தேன் என்கிறார்.

முதல் வாரம் மாடிவீட்டு அம்மாவை நூல் பிடிக்கச் சொன்னேன். அந்த அம்மா புண்ணைப் பார்த்து மயங்கி விழாத குறை. அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து நீ சொன்னபடி தரைக்கல் கோட்டில் ஒரு டேப் ஒட்டிவிட்டேன். கால் கட்டைவிரல் இரண்டும் டேப்பில் இருக்க வேண்டும், முட்டிபோட வேண்டும், அழுத்த வேண்டும். பட்டைதான் நடக்காது. ஒட்டினால் பிய்த்துப் போடுகிறார், தோல் அரிக்கிறதாம். உணர்ச்சியே இல்லாத காலில் அரிப்பு! டாக்டரம்மா, வற்புறுத்த வேண்டாம், படம் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார்.

மற்றபடி அப்பாவைப் போல நோயாளி கிடைக்கமாட்டார். நான் கேமராவை எடுத்து வருவதற்குள் சுவரோரம் நாற்காலி போட்டு, முக்காலியில் நீலத்துணி விரித்து, காலை அதன்மேல் வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். லென்ஸும் எனக்குப் பழகிவிட்டது. முன்பெல்லாம் கர்கர் என்று தேடும். இப்போது தொட்டதும் பிடித்துக்கொள்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் பழைய படத்தையும் புதுப் படத்தையும் அப்பாவிடம் காட்டுகிறேன். நான்தான் வாயெல்லாம் பல்லாகக் காட்டுகிறேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சும்மா பார்ப்பார்.

தங்கை

•

மார்ச் 15

வாலுக்கு,

கோபப்படாமல் படி. மூன்று நாளாகப் படங்களை மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். ஏதோ இடிக்கிறது. என்ன என்று பிடிபடவில்லை. புண்ணின் ஓரம் முதல் படத்தில் சொரசொரப்பாக இருக்கிறது, ஆறாவதில் வழவழவென்று இருக்கிறது. தோலின் ரேகையும் குறைந்திருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். கம்ப்யூட்டரில் கை வைத்தாயா? அட்மிட் ஆகிவிடக்கூடாது என்று, அவருக்காக, கொஞ்சம்போல? பதினைந்து வருடம் அதைத்தானே செய்தாய். கை தானாகப் போயிருக்கலாம்.

அண்ணன்

•

மார்ச் 23

அண்ணா,

கோபப்படாமல் படி என்று ஆரம்பிக்கிறவன் கோபம் வருகிற மாதிரிதான் எழுதுவான்.

ஒரு புள்ளி தொடவில்லை. ஒரே ஒரு புள்ளி. நான் கல்யாணப்பெண்ணின் பருவை எடுத்தேன், அதற்காக என் அப்பா காலில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பேனா? அந்தப் புண்ணைச் சீழ் துடைத்து, மருந்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுக் கட்டுகிறவள் நான். நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ரேகை குறைகிறது, ஓரம் வழவழ என்கிறாய். இருக்கிற புண் போதாதென்று வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதே. புண் ஆறினால் ஓரம் வழவழவென்றுதான் ஆகும். சந்தோஷப்படத் தெரியாவிட்டால் சும்மா இரு.

ஏழாவது, எட்டாவது வாரப் படங்கள் இதில் இருக்கின்றன. கேமராவிலிருந்து நேராக அச்சுக்குப் போனவை. ஓரம் வெட்டக்கூட இல்லை. நன்றாகத் துருவிப் பார். இனி பிரதி அனுப்பமாட்டேன்.

•

மார்ச் 27

வாலுக்கு,

காலையில் போனில் சொன்னதை, டாக்டரம்மாவிடம் காட்ட எழுத்தில் வேண்டும் என்றாய். இதோ.

நகத்தை அளந்தேன். புண் சின்னதாகலாம், பெருவிரல் நகம் சின்னதாகாது. முதல் வாரப் படத்தில் நகத்தின் அகலம் பதினான்கு மில்லிமீட்டர், புண் இருபத்தொன்று. எட்டாவது வாரப் படத்தில் நகம் ஒன்பது, புண் பதினாறு. அதாவது முதல் வாரம் புண் ஒன்றரை நகம் அகலம். இப்போது ஒன்றே முக்கால் நகத்துக்கும் மேல். புண் மட்டும் சின்னதாகவில்லை, கால் முழுவதும் சின்னதாகியிருக்கிறது. உள்ளபடி புண் பெரிதாகியிருக்கிறது. நடுவில் இருக்கிற எல்லாப் படங்களிலும் நகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

தூரம் கூடினால்தான் இப்படி ஆகும். கணக்குப் போட்டால், எட்டாவது வாரம் கேமரா முக்கால் அடிக்கும் மேல் தள்ளி இருந்திருக்கிறது. லென்ஸ் இப்போது தொட்டதும் பிடிக்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தள்ளிப் போனதால்தான் பிடித்திருக்கிறது. ரேகை குறைந்ததும் அதனால்தான். அதை விட்டுவிட்டு உன்மேல் சந்தேகப்பட்டு இரண்டு வாரத்தை வீணாக்கினேன். அது என் தப்பு.

ஆனால் நீ பின்னால் போயிருக்கிறாய். பயத்தில் போயிருப்பாய். எனக்குப் புரிகிறது, அதற்காகச் சரி என்று சொல்ல முடியாது. உடனே கூட்டிக்கொண்டு போ. வரமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போ.

அண்ணன்

•

ஏப்ரல் 2

அண்ணா,

தூக்கிக்கொண்டுதான் போனோம். மாடிவீட்டு அம்மாவின் கணவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். காய்ச்சலும் வந்துவிட்டிருந்தது.

புண் எலும்பைத் தொட்டுவிட்டது. பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டும். இந்த வாரமே எடுத்தால் இரண்டு விரலோடு போகும். தள்ளினால் கணுக்காலோ முழங்காலோ, அப்போதுதான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். 

உன் அளவுகளைக் காட்டினேன். டாக்டரம்மா தானே ஸ்கேல் வைத்து ஒரு தடவை அளந்து பார்த்தார். மற்ற எல்லா நோயாளிகளின் படங்களையும் எடுத்து நகத்தை அளந்தோம். அத்தனையும் சரியாக இருக்கிறது. என் அப்பா ஒருவருடையதுதான் தப்பு. “பட்டை இல்லாத படத்தை நானும்தான் ஒத்துக்கிட்டேன். உன்னை மட்டும் சொல்ல முடியாது” என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்த அப்பா காலைப் பார்த்துப் பின்வாங்குகிறவள் ஊரார் காலை எப்படி எடுப்பது?

உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் டேப்பைத் தாண்டவில்லை. சத்தியமாகத் தாண்டவில்லை. விரல் இரண்டும் டேப்பில் இருப்பதை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் முட்டி போட்டேன். ஆனால் நகம் பொய் சொல்லாது. முட்டி போட்ட பிறகு உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும் போலிருக்கிறது. மற்றவர்கள் காலை எடுக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகாது. இவர் கால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாமா என்று இருக்கும். அதனால் நீ சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இன்றைக்குக் காலையில், சுவரைப் பார்த்தபடியே, “அவன்கிட்ட சொன்னியா?” என்று கேட்டார். நான்கு வருடத்தில் முதல் தடவை. சொன்னேன் என்றேன். 

கிளம்பி வா.

தங்கை

•

ஏப்ரல் 20

வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இரண்டு விரலோடு போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று டாக்டரம்மா சொன்னபோது நீ அழுதாய், நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ரயிலில் இருக்கும்போதே எழுத ஆரம்பித்து மூன்று தடவை கிழித்தேன். அப்பா சொல்லாதே என்று சொன்னதை எழுதப் போகிறேன்.

நான் வந்த முதல் நாள் உன்னை வராந்தாவில் நிறுத்தி வைத்துக் கத்தினேன். உன் பயத்தால் ஒரு மனிதன் காலே போயிருக்கும் என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றாய். கதவு திறந்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு உன்னை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“அவளைத் திட்டாதே. நாற்காலியைத் தள்ளிப் போட்டது நான்தான்” என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டாவது வாரம், நீ டேப் ஒட்டிவிட்டுக் கேமரா எடுக்கப் போனபோது, கீழே விழுந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்க நாற்காலியையும் முக்காலியையும் நகர்த்தியிருக்கிறார். திரும்பப் பழைய இடத்தில் போடவில்லை. அன்றைய படத்தில் புண் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. நீ இரண்டு படத்தையும் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாயாம். “நாலு வருஷத்துல அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்” என்றார். தான் தள்ளி உட்கார்ந்ததால்தான் அப்படித் தெரிந்தது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் உன் சிரிப்பும் போகும், அட்மிட்டும் ஆக வேண்டும். அடுத்த ஞாயிறு இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டார். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு. பட்டையைப் பிய்த்ததும் அதற்காகத்தான்.

“முப்பத்தொரு வருஷம் மீட்டரைத் திருப்பி வைக்கிறவனையெல்லாம் பிடிச்சுக் கொடுத்தவன்டா நான். இப்போ என் கால்லயே அதைச் செஞ்சுட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.” சொல்லிவிட்டு, அந்தப் பேப்பரைக் கொண்டு வா என்றார். கையெழுத்துப் போட்டார். நீ வந்து கேட்டபோது, நான் பேசிச் சம்மதிக்க வைத்தேன் என்று பெருமை அடித்துக்கொண்டேன். நான் ஒன்றும் பேசவில்லை.

நம் ஸ்டுடியோவில் உட்காருகிற ஸ்டூலைத் தரையோடு ஆணி அடித்து வைத்திருந்தோம். நகர்வது நாம்தான், உட்கார்ந்தவர் நகரமாட்டார். அந்தப் பழக்கத்தில்தான் உன் இடத்துக்குக் குறி போடச் சொன்னேன், நாற்காலிக்குப் போடச் சொல்லவில்லை. உனக்கும் தோன்றவில்லை. வேறு எந்தப் படக்காரனாக இருந்தாலும் முதலில் நாற்காலிக்குத்தான் போட்டிருப்பான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நீ டேப்பைத் தாண்டவே இல்லை. சத்தியம் செய்து சொன்னாய், நான் நம்பவில்லை. கடைசியில் நீயே உன்னை நம்பாமல் போகும்படி செய்துவிட்டேன். அதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். ஆர்டரும் பதினொன்றுதான். ஒன்பது ஒன்பது என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

போய் வேலையைத் திரும்பக் கேள். அப்பாவிடம் என்ன சொல்வது, சொல்லாமல் விடுவதா என்பதை நீயே பார்த்துக்கொள்.

அண்ணன்

•

ஏப்ரல் 27

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, துணி காயப்போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலில் உன்மேல் கோபம் வந்தது, பிறகு அவர்மேல். ஒரு மாதமாகக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தேன். அவர் பக்கத்துக் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. நீ மன்னிப்புக் கேட்டதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த சண்டைக்கு உதவும்.

டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லையாம், மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்தார். “காலைப் பார்த்தேனே தவிர, அவருக்கு என்ன பயம்னு நான் ஒருநாளும் கேட்கலை” என்றார். அடுத்த திங்கள்கிழமையிலிருந்து போகிறேன்.

அப்பாவிடம் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் மனதுக்குள் போட்டுப் புரட்டினேன். கேட்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, தையல் பிரித்த பிறகு முதல் படம். நான் கேமராவோடு வந்தபோது வழக்கம் போலத் தயாராக இருந்தார், சுவரோரம், நீலத்துணி விரித்து. டேப்பில் முட்டி போட்டேன். பார்த்தாலே தெரிந்தது, தள்ளித்தான் இருந்தது. வேண்டுமென்று செய்தாரா, அந்த இடமே பழகிவிட்டதா, தெரியவில்லை.

“கொஞ்சம் முன்னாடி வாங்கப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காலியை முன்னால் தள்ளி, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் போட்டு முன்னால் வந்தார்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

வந்தார். மறுபடியும் வந்தார். நான் போதும் என்று சொல்லவில்லை, அவரும் நிற்கவில்லை. விரல் போன கால் என் தோளில் இடிக்கிற வரைக்கும் வந்துவிட்டார்.  “தெரிஞ்சுபோச்சா?” என்றார், யாருக்கோ சொல்வது மாதிரி. நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.  படத்தை அப்புறமாக எடுத்தேன்.

தங்கை